சினாலஜி டிஎஸ்224+: 2 ஜிபியோடு விட்டுவைக்கக் கூடாத பெட்டி

வீட்டுப் படங்கள், வீடியோக்கள், கணினி பேக்கப் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க டிஎஸ்224+ நல்ல தேர்வு. இது இரண்டு டிஸ்க் போட்டு வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி, சுருக்கமாக நாஸ். ஆனால் படங்களை ஒழுங்குபடுத்துவது போன்ற செயலிகளையும் ஓட்டுவதாக இருந்தால், கடையில் வாங்கிய நிலையிலேயே விட்டால் காசுக்கேற்ற பலன் கிடைக்காது. இந்தப் பெட்டிக்குச் செய்யும் செலவில் டிஸ்க்குக்கு அடுத்து யுபிஎஸ், அதற்கடுத்து ரேம். எஸ்எஸ்டி கேஷ் பற்றிய பேச்சுக்கே இடமில்லை, சிறிய எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் கிடையாது.

2023இல் வந்த மாடல். உள்ளே இன்டெல் செலரான் ஜே4125: நான்கு கோர், 2.0 கிகாஹெர்ட்ஸ், வேலை வந்தால் 2.7 வரை ஏறும். ரேம் 2 ஜிபி, அதுவும் போர்டோடு சால்டர் செய்தது. கூடவே ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது. பின்னால் இரண்டு 1 கிகாபிட் லேன் போர்ட், முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக யுஎஸ்பி. ஜே4125 என்பது 2019இல் வெளிவந்த சிப். நான்கு வருடம் பழைய சிப்பையும் 2 ஜிபியையும் வைத்துப் புது மாடல் என்று விற்பதைக் கஞ்சத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே காசு போவது வன்பொருளுக்கு இல்லை, டிஎஸ்எம் என்ற சினாலஜியின் இயங்குதள மென்பொருளுக்கு. அது அந்தக் காசுக்குத் தகும் என்பதால்தான் இந்த விமர்சனமே.

ரேம் கூட்டினால் என்ன மாறும்

முதலில் மாறாததைச் சொல்லிவிடலாம். பெரிய கோப்புகளை நகலெடுக்கும் வேகம் மாறாது. 2 ஜிபியிலும் நொடிக்கு 110 எம்பி சுமார், 6 ஜிபியிலும் அதே 110தான். கிகாபிட் கேபிளில் அதற்கு மேல் போகாது. ரேம் எவ்வளவு போட்டாலும் லேன் போர்ட் அகலமாகாது. சினிமாக் கோப்புகளைப் போட்டு எடுப்பது, மேக்கின் டைம் மெஷின் பேக்கப், இரண்டு பேர் பகிரும் ஃபோல்டர் என்று மட்டும் இருந்தால் 2 ஜிபியே போதும். ரேமுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

மாற்றம் தெரிவது சினாலஜி போட்டோஸ் போன்ற செயலிகளில். ஆயிரக்கணக்கான படங்களை ஏற்றியதும் தம்ப்நெயில் உருவாக்குவது, முகம் அடையாளம் காண்பது எல்லாம் பின்னணியில் ஓடும். அந்த நேரத்தில் 2 ஜிபி போதாமல் ஸ்வாப்புக்குப் போகிறது, அதாவது ரேமில் இடமில்லாததை டிஸ்க்கில் ஒதுக்கிய பகுதியில் வைக்கிறது. டிஎஸ்எம்மின் ஸ்வாப் பகுதி இருப்பது அதே ஹார்ட் டிஸ்க்குகளில், இரண்டிலும் கண்ணாடிப் பிரதியாக. ஆக, ரேமில் நடக்க வேண்டியது சுழலும் தட்டில் நடக்கிறது. யாரும் எதையும் நகலெடுக்காத நேரத்திலும் டிஸ்க் கடகடவென்று ஓடுவதும், டிஎஸ்எம் முகப்பு திறக்கப் பல நொடி எடுப்பதும் இதன் அறிகுறி. ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரி வரைபடத்தைத் திறந்து பாருங்கள். 'கேஷ்' என்று பெரிய பகுதி தெரிந்தால் நல்லது, லினக்ஸ் மிச்ச ரேமை வீணாக்காமல் பயன்படுத்துகிறது என்று பொருள். கேஷ் சுருங்கி, ஸ்வாப் ஏறிக்கொண்டே போனால்தான் ரேம் பற்றாக்குறை.

கண்டெய்னர் மேனேஜரில் (வெளியார் செயலிகளைத் தனித்தனிப் பொதிகளாக ஓட்டும் கருவி) இம்மிச் என்ற படச் சேமிப்புச் செயலி போன்றவற்றை ஓட்ட நினைப்பவர்களுக்கு வேறு வழியே இல்லை. இம்மிச் கேட்கும் குறைந்தபட்சமே 6 ஜிபி. நாஸுக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல் மெஷின் மேனேஜரும் 2 ஜிபியில் நடக்காது.

எந்த ரேம்

சினாலஜி விற்கும் ரேம் டி4என்எஸ்01-4ஜி. 4 ஜிபி, போர்டில் இருக்கும் 2 ஜிபியோடு சேர்ந்து 6. அதிகாரபூர்வ உச்சம் இவ்வளவுதான். இன்டெல் தன் ஆவணத்தில் ஜே4125க்கு 8 ஜிபி என்று எழுதியிருக்கிறது. நடைமுறையில் 8 ஜிபி ஸ்டிக் போட்டு 10 ஜிபியாக ஓட்டுபவர்கள் ஏராளம், 16 போட்டு 18 ஆக ஓட்டுபவர்களும் உண்டு. ஓடும், ஆனால் உங்கள் பொறுப்பில். போட்டோஸ் மட்டும் போதும் என்றால் 4 ஜிபி. இரண்டு மூன்று கண்டெய்னர் ஓட்டுவதாக இருந்தால் 8 ஜிபி. 16 வாங்குவது இந்தச் சிப்புக்கு அதிகம். ரேம் காலியாகக் கிடக்கும், பிராசசர் மூச்சு வாங்கும்.

வேறு கம்பெனி ரேம் போட்டால் டிஎஸ்எம் ஓர் எச்சரிக்கை காட்டும், வேலை தடைபடாது. சினாலஜிக்கு சப்போர்ட் டிக்கெட் போட வேண்டி வந்தால் அந்த ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு, பிரச்சினை அப்போதும் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். அவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான்.

வாங்கும்போது ஸ்டிக்கரைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், குறிப்பாகச் சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப்பிலிருந்து கழற்றிய பழைய ரேம் வாங்குபவர்கள். ஸ்டிக்கரில் '8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2666வி-எஸ்ஏ1-11' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். பிசி4 என்றால் டிடிஆர்4. பிசி3 என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது 204 பின்; நமக்கு வேண்டியது 260 பின், 1.2 வோல்ட். 2666 என்பது வேகம். ஜே4125 ரேமை 2400இல்தான் ஓட்டும், எனவே 2400 ஸ்டிக் மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம், 2666க்குக் கூடுதல் காசு தேவையில்லை. அடுத்து, பச்சைப் பலகையில் கறுப்புச் சில்லுகளை எண்ணுங்கள். 4, 8, 16 என்று வந்தால் சரி. 9 அல்லது 18 வந்தால் அது இசிசி, அதாவது பிழையைத் தானே திருத்தும் ரேம். டிஎஸ்923+ போன்ற மாடல்களுக்கு உரியது, இந்தச் சிப் இசிசியை ஏற்காது. 2025இன் பின்பாதியில் டிடிஆர்4 விலை ஏறியதால் பழைய ரேமுக்கும் கிராக்கி. கடைக்காரரிடம் மாற்றித் தரும் அவகாசத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பொருத்துவது

திருப்புளி தேவையில்லை. டிஎஸ்எம்மிலிருந்தே ஷட்டவுன் செய்து, லைட்டுகள் அணைந்ததும் அடாப்டரைப் பிடுங்குங்கள். முன்மூடியை எடுத்து, இரண்டு டிரேக்களையும் வெளியே இழுத்து, எது 1 எது 2 என்று ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். இப்போது டிஸ்க் இருந்த குழிக்குள் டார்ச் அடித்தால் பக்கச் சுவரில் ரேம் ஸ்லாட் தெரியும்.

ஸ்லாட் இருக்கிற பக்கம் கீழே வரும்படி பெட்டியைப் படுக்க வைத்துவிட்டால் பாதிச் சிரமம் தீர்ந்தது. ஏதாவது இரும்புக் குழாயைத் தொட்டுவிட்டு, ரேமை ஓரங்களில் பிடித்து, பிளவு பொருந்துகிறதா என்று பார்த்து, சாய்வாகச் செருகுங்கள். தங்கநிறப் பற்கள் ஏறக்குறைய முழுதாக மறைய வேண்டும். பிறகு கீழ்நோக்கி அழுத்தினால் இரு பக்கக் கொக்கிகளும் டக்கென்று பிடிக்கும். இங்கேதான் பெரும்பாலும் தவறு நடக்கிறது: பற்கள் ஒரு மில்லிமீட்டர் வெளியே தெரியும் நிலையிலேயே அழுத்திவிடுவார்கள், கொக்கியும் பிடித்துவிடும், பெட்டி எழாது.

டிஸ்க்குகளை உடனே உள்ளே தள்ளாமல், வெறும் பெட்டியை ஒருமுறை ஆன் செய்யுங்கள். பவர் லைட் நீலத்தில் மினுக்கி, நிலைத்து, பீப் வந்தால் ரேம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பத்து நிமிடம் ஆகியும் மினுக்கிக்கொண்டே இருந்து பீப் வரவில்லை என்றால், அணைத்து ரேமைக் கழற்றித் திரும்பச் செருகுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் ரேமைக் கழற்றிவிட்டே ஆன் செய்யுங்கள். போர்டிலுள்ள 2 ஜிபியில் எழுந்துவிட்டால் கோளாறு ஸ்டிக்கில்தான்.

பெட்டி எழுந்துவிட்டது என்பதற்காக ரேம் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. கணினியில் சினாலஜி அசிஸ்டன்ட் நிறுவி, அதன் அமைப்புகளில் மெமரி டெஸ்டை இயக்கி, நாஸைத் தேர்ந்து சோதனையைத் தொடங்குங்கள். சில மணி நேரம் ஓடும், அதுவரை நாஸ் கிடைக்காது, இரவில் விட்டுவிடலாம். இதைச் செய்யாமல் தாண்டுபவர்கள்தான் அதிகம். காரணம் தெரிந்தால் தாண்ட மாட்டார்கள். நெட்வொர்க் வழியாக வரும் படம் முதலில் ரேமில்தான் இறங்குகிறது. அங்கே ஒரு பிட் புரண்டால், புரண்ட படத்துக்குத்தான் செக்சம் (கோப்பு கெட்டதா என்று பின்னால் சரிபார்க்க உதவும் எண்) கணக்கிடப்படுகிறது. புரண்ட படம்தான் இரண்டு டிஸ்க்கிலும் எழுதப்படுகிறது. இரண்டு டிஸ்க்கிலும் பிரதி வைக்கும் ரெய்டும், செக்சம் பார்க்கும் பிடிஆர்எஃப்எஸ் கோப்பமைப்பும் எல்லாம் சரி என்றே சாதிக்கும். படம் கெட்டது தெரிவது மூன்று வருடம் கழித்துத் திறக்கும்போதுதான்.

சோதனை முடிந்ததும் அணைத்து, டிஸ்க்குகளை அதனதன் இடத்தில் போட்டு, கண்ட்ரோல் பேனலில் இன்ஃபோ சென்டரைப் பாருங்கள். 4 ஜிபி சேர்த்திருந்தால் மொத்தம் 6 ஜிபி என்று காட்டும். தரவு எதுவும் அழியாது, டிஎஸ்எம்மைத் திரும்ப நிறுவவும் வேண்டாம்.

டிஸ்க்கும் வால்யூமும்

புதிதாக வாங்குபவர்கள் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் எழுதும் வகை) டிஸ்க்கா என்று கேட்டு வாங்குங்கள். சீகேட் ஐயன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ் இரண்டும் சிஎம்ஆர். 'பிளஸ்' இல்லாத டபிள்யூடி ரெட்டில் 2 முதல் 6 டிபி வரையிலான இஎஃப்ஏஎக்ஸ் மாடல்கள் எஸ்எம்ஆர் (தடங்களை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் வகை) என்பதை 2020இல் அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. எஸ்எம்ஆர் டிஸ்க்கில் அன்றாட வேலை நடந்துவிடும். ஒரு டிஸ்க் போய், மாற்று டிஸ்க்கில் முழுத் தரவையும் எழுதும்போதுதான் அது திணறும். சீகேட் பாரகுடா 4 டிபியும் எஸ்எம்ஆரே, மலிவு என்று ஏமாற வேண்டாம்.

3.5 இன்ச் டிஸ்க் டிரேயில் ஸ்க்ரூ இல்லாமலே பொருந்தும். லேன் கேபிள் செருகி, ஆன் செய்து, உலாவியில் ஃபைண்ட்.சினாலஜி.காம் போனால் பெட்டி கிடைத்துவிடும். டிஎஸ்எம் இறங்கியதும் ஸ்டோரேஜ் மேனேஜர் பூல் (டிஸ்க்குகளைச் சேர்த்த தொகுப்பு) உருவாக்கச் சொல்லும். சினாலஜியின் சொந்த ரெய்டு முறையான எஸ்எச்ஆரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு டிஸ்க்கில் அது ரெய்டு 1 போலத்தான்: 4 டிபியும் 8 டிபியும் போட்டாலும் கிடைப்பது 4. கோப்பமைப்பு பிடிஆர்எஃப்எஸ், ஸ்னாப்ஷாட் (கோப்புகளின் பழைய நிலையைப் பிடித்துவைப்பது) அதில்தான் உண்டு. 4 டிபி டிஸ்க் 3.6 என்று காட்டினால் பதற வேண்டாம், 1000க்கும் 1024க்கும் உள்ள கணக்கு வித்தியாசம் அது.

ஷேர்டு ஃபோல்டர் உருவாக்கும்போது டேட்டா செக்சம் பெட்டியை டிக் செய்ய மறக்காதீர்கள். பிறகு மாற்ற முடியாது. புது ஃபோல்டர் உருவாக்கி எல்லாவற்றையும் நகர்த்தத்தான் வேண்டும். செக்சம் இருந்தால்தான் டேட்டா ஸ்க்ரப்பிங் கெட்டுப்போன கோப்பைக் கண்டுபிடித்து மற்ற டிஸ்க்கிலிருந்து சரிசெய்யும். ஸ்க்ரப்பிங்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் போதும்.

வேகம் வரவில்லையா, கேபிளைப் பாருங்கள்

நாஸ் மந்தம் என்று வரும் புகார்களில் பாதி நாஸின் குற்றமே அல்ல. நகலெடுக்கும் வேகம் நொடிக்கு 11 எம்பியில் நின்றால் இணைப்பு 100 மெகாபிட்டில் விழுந்திருக்கிறது. ஃபைபர் கம்பெனி கொடுக்கும் மோடத்தில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட்டாகவும் மற்றவை 100ஆகவும் இருப்பது சகஜம். இல்லையென்றால் கேபிளில் நான்கு ஜோடியில் ஒன்று அறுந்திருக்கும். இரண்டு ஜோடி இருந்தாலே 100இல் இணைந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸைத் திறந்து 1000 எம்பிபிஎஸ், ஃபுல் டூப்ளெக்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கி, நாஸையும் மேசைக் கணினியையும் அதில் செருகுங்கள்.

இரண்டு லேன் போர்ட்டையும் பாண்டு செய்தால், அதாவது ஒன்றாகப் பிணைத்தால், வேகம் இரட்டிப்பாகும் என்பது தவறான நம்பிக்கை. ஒரு கணினிக்குப் போகும் ஒரு நகல் ஒரே கேபிளில்தான் போகும். வேகம் வேண்டுமானால் பாண்டு செய்யாமல், எஸ்எம்பி (விண்டோஸ் பாணிக் கோப்புப் பகிர்வு) மேம்பட்ட அமைப்புகளில் எஸ்எம்பி3 மல்டிசேனலை இயக்குங்கள். கணினியில் 2.5 கிகாபிட் கார்டும் நடுவில் 2.5 கிகாபிட் ஸ்விட்ச்சும் இருந்தால், நாஸின் இரண்டு கேபிளும் சேர்ந்து நொடிக்கு 200 எம்பிக்கு மேல் கிடைக்கும். யுஎஸ்பியில் 2.5 கிகாபிட் அடாப்டர் செருகலாம் என்று யோசிப்பவர்களுக்கு: டிஎஸ்எம் 7 அதை அதிகாரபூர்வமாக ஏற்காது, வெளியார் எழுதிய டிரைவரைப் போட வேண்டும், ஒவ்வொரு அப்டேட்டிலும் தலைவலி.

ரவுட்டரில் நாஸுக்கு ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள், 192.168.1.50 என்பது போல. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் அணுகலைத் தடுக்கும். அதனால் வீட்டில் ஆளுக்கொரு கணக்கு உருவாக்கி, பாஸ்வேர்டோடு டிரைவ் மேப் செய்வதே வழி. அட்மின் என்ற பெயரிலுள்ள கணக்கை முடக்கியே வையுங்கள்.

வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் 5000, 5001 போர்ட்களைத் திறந்துவிடாதீர்கள். 2014இல் சினோலாக்கர் என்ற பணம் பறிக்கும் வைரஸ் பூட்டியது இணையத்துக்குத் திறந்துகிடந்த, அப்டேட் செய்யாத சினாலஜி பெட்டிகளைத்தான். 2022இல் க்யூநாப் என்ற வேறு கம்பெனியின் நாஸ் பெட்டிகளுக்கு அதே மாதிரி டெட்போல்ட் வந்தது. நம் ஊர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் போர்ட் திறந்தாலும் பயனில்லை, சிஜிநாட்டுக்கு (பல வீடுகளுக்கு ஒரே வெளி முகவரியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருப்போம். ரவுட்டரின் வேன் முகவரி 100.64 முதல் 100.127க்குள் இருந்தால் அதுதான் நிலைமை. சினாலஜியே தரும் வெளியூர் அணுகல் வசதியான குயிக்கனெக்ட் சுலபம், ஆனால் சினாலஜியின் சர்வர் வழியாகச் சுற்றி வரும்போது மந்தம். பேக்கேஜ் சென்டரிலேயே கிடைக்கும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் செயலியை நாஸிலும் போனிலும் போட்டுக்கொள்வது இரண்டையும்விட நல்லது.

கரண்டும் வெயிலும்

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று யுபிஎஸ்ஸை விட்டுவிடுவது இங்கே வழக்கம். கரண்ட் போன கணத்தில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தில் 60 வாட் அடாப்டர் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். யுபிஎஸ் மோடில் வைத்தால் வாய்ப்பு கூடும். ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்று நாஸிடம் சொல்ல இன்வெர்ட்டருக்கு வாய் இல்லை. நீண்ட மின்தடையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று அணையும். யுஎஸ்பி போர்ட் உள்ள யுபிஎஸ் வாங்கி நாஸின் பின்பக்க யுஎஸ்பியில் செருகி, ஹார்ட்வேர் அண்ட் பவர் பகுதியில் யுபிஎஸ்ஸை இயக்கினால், சொன்ன நிமிடத்தில் தானே பத்திரமாக நிறுத்திக்கொள்ளும். மலிவான 600 விஏ மாடல்கள் பலவற்றில் அந்த போர்ட் இருப்பதில்லை, கடையில் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

சினாலஜி சொல்லும் சுற்றுப்புற வெப்ப வரம்பு 40 டிகிரி. சென்னையில் மே மாதம் மூடிய அலமாரிக்குள் வைத்தால் அதைத் தாண்டிவிடும். காற்றோட்டமான இடத்தில் வைத்து, கோடையில் ஃபேனைக் 'கூல்' மோடுக்கு மாற்றுங்கள். சத்தம் கொஞ்சம் கூடும்.

பேக்கப்புக்கு ஒரு வெளி யுஎஸ்பி டிஸ்க்கும் சினாலஜியின் ஹைப்பர் பேக்கப் செயலியும். ரெய்டு ஒரு டிஸ்க் சாவதிலிருந்து காக்கும், நீங்களே அழித்த கோப்பைத் திருப்பித் தராது.

வேறு எதை வாங்கலாம்

டிஎஸ்223, டிஎஸ்223ஜே இரண்டும் விலை குறைவு. ஆனால் ரேம் ஸ்லாட்டே கிடையாது: ஒன்றில் 2 ஜிபி, மற்றதில் 1 ஜிபி, கடைசிவரை அதேதான். 2025இல் வந்த டிஎஸ்225+இல் ஒரு 2.5 கிகாபிட் போர்ட் சேர்த்திருக்கிறார்கள், சிப் அதே ஜே4125. முதலில் சினாலஜி டிஸ்க் மட்டும்தான் என்று அடம்பிடித்தார்கள், அக்டோபரில் டிஎஸ்எம் 7.3 வந்தபோது அதைத் தளர்த்தினார்கள். டிஎஸ்225+இல் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரை எடுத்துவிட்டதால் பிளெக்ஸ், ஜெல்லிஃபின் என்ற வீடியோச் செயலிகள் இரண்டிலும் ஹார்ட்வேர் டிரான்ஸ்கோடிங் (வீடியோவை டிவிக்கு ஏற்ற வடிவத்துக்குச் சிப்பின் கிராபிக்ஸ் பகுதியே மாற்றுவது) நடக்காது. டிவியில் படம் பார்க்கத்தான் நாஸ் என்றால் டிஎஸ்224+ கிடைக்கும்வரை அதையே எடுங்கள், 4 ஜிபி ஸ்டிக்கோடு. பெரிய வீடியோக் கோப்புகளைத் தினமும் கணினிக்கும் நாஸுக்குமாக நகர்த்துபவர் என்றால் 225+இன் 2.5 கிகாபிட் போர்ட்தான் உங்களுக்கு உதவும், ரேமை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.